ஒரே சரிவில் விளைந்த வெள்ளை வைன்: பரிமாறும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் எங்கள் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், மோசல் ரீஸ்லிங் (ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஜெர்மன் வைன்) போத்தல் ஒன்றை முழுதாகத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து நின்றார். "அடியில கண்ணாடித் தூள் கிடந்தது அண்ணா, ஆராவது குடிச்சிருந்தா?" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. கொழும்பில் அந்த வைனைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அதைவிட, 18 வருடத்துக்கு முன் நானும் இதே வேலையைத்தான் செய்தேன்.

கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், லேபிளை விருந்தினர் பக்கம் திருப்புங்கள் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பளபளக்கும் துகளைக் கண்ணாடி என்று நினைப்பது

அந்தப் போத்தல் வேலனர் சொன்னெனூர். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் வேலன் என்றொரு கிராமம். அதற்கு எதிர்க்கரையில், பள்ளிக்கூடச் சிலேட்டு செய்கிற அதே வகைக் கல் நிறைந்த செங்குத்தான சரிவு. அங்கே 1842இல் பாறையில் ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார்கள். ஜெர்மன் மொழியில் சூரியக் கடிகாரத்தின் பெயர்தான் சொன்னெனூர், சரிவுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. அந்த இடமோ ஏறக்குறைய 50 பாகை வடக்கே. குளிரில் திராட்சை மெதுவாகப் பழுக்கும், புளிப்பு குறையாமல் நிற்கும்.

அந்தப் புளிப்புக்கு ஒரு முக்கிய காரணம் டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் பழப்புளியில் இருப்பதும் அதுதான். வைன் குளிர்ந்தால் இந்த அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து படிகமாகி அடியில் தங்கும், தக்கையின் உள்நுனியிலும் ஒட்டும். பெரிய ஆலைகள் பலவும் வைனை முன்பே தண்ணீரின் உறைநிலைக்குக் கீழே குளிரவைத்துப் படிகத்தைப் பிரித்துவிடுகின்றன. சிறு தோட்டக்காரர்களில் சிலர் அதை விரும்புவதில்லை.

என் முதல் வருடத்தில் அது பிரான்ஸின் ஷப்லியில் லே க்ளோ என்ற சரிவில் விளைந்த வெள்ளை வைன். விருந்தினர் கிளாஸின் அடியைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்டுப் போத்தலை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டேன். கேக் பகுதியில் வேலை செய்த பெரியவர் தக்கையை வாங்கிப் பார்த்தார். நகத்தால் ஒரு துகளைச் சுரண்டி வெந்நீரில் போட்டுக் கலக்கினார். கண் முன்னாலேயே கரைந்து போனது. "கிரீம் ஒஃப் டார்டார் தம்பி, நான் முட்டை வெள்ளைக்கரு அடிக்கேக்க போடுறது" என்றார். கண்ணாடி வெந்நீரில் கரையுமா?

அதனால் துகளைக் கண்டால் முதலில் போத்தலின் வாயைப் பாருங்கள், எங்காவது சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று. விரலால் தடவ வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். அப்புறம் தக்கையைப் பாருங்கள், வெந்நீரில் ஒரு துகளைப் போடுங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் பரிமாறாதீர்கள், ஆனால் கொட்டவும் வேண்டாம். தக்கையோடு தனியே எடுத்து வையுங்கள். வைன் உள்ளே இருந்தால்தான் விற்றவரிடம் பேசவாவது முடியும்.

படிகம் என்று தெரிந்துவிட்டால், ஊற்றும் முன்பே விருந்தினரிடம் சொல்லிவிடுங்கள். போத்தலை நிமிர்த்தி வைத்துப் படியவிட்டு, கடைசிக் கிளாஸை மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள். இரண்டு மிடறு அடியில் நின்றால் நிற்கட்டும்.

சரிவின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது

ஒரே சரிவு என்றால் ஒரே முதலாளி என்று அர்த்தமில்லை. சொன்னெனூரிலும் லே க்ளோவிலும் பலருக்குத் துண்டு துண்டாக நிலம் இருக்கிறது. ஒருவர் முன்னதாகப் பறிப்பார், இன்னொருவர் காத்திருப்பார். அதனால் தயாரிப்பாளரின் பெயரையும் படியுங்கள். மோசல் ரீஸ்லிங் என்றால் மதுசார அளவையும் பாருங்கள். 8 சதவீதம் என்றால் பெரும்பாலும் இனிப்பு இருக்கும். 12 சதவீதம் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாதது.

ஐஸ் வாளியில் போட்டு மறப்பது

அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்தால் வாசனை எழும்பாது. ரீஸ்லிங்குக்கு 8 முதல் 10 பாகை செல்சியஸ் போதும். லே க்ளோவுக்கு 12 வரை போகலாம். நம் ஊர் வெக்கையில் கிளாஸ் தானாகவே சூடேறும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கார் டிக்கி

போயாவுக்கு (மதுக்கடைகள் மூடியிருக்கும் முழுநிலா விடுமுறை) முதல் நாள் வாங்கியதை டிக்கியின் சூட்டில் விட்டுவிடாமல் அன்றே வீட்டுக்குள் எடுங்கள்.

கிளாஸுக்குள் ஐஸ் கட்டி

வேண்டாம்.

உறைப்புக் கறிக்கு இனிப்பில்லாத வைன் கொடுப்பது

மதுசாரம் கூடினால் மிளகாய் எரிச்சலும் கூடும். யாழ்ப்பாணத்து நண்டுக் கறிக்கு 8 சதவீதக் காபினெட் (ஜெர்மனியின் லேசான வைன் வகை) ரீஸ்லிங்கைக் கொடுத்துப் பாருங்கள். இனிப்பு உறைப்பைத் தணிக்கும், புளிப்பு நாக்கில் படிந்த தேங்காய்ப்பாலைக் கழுவிவிடும். அந்தத் தம்பிக்கு மறுநாள் அதைத்தான் ஊற்றிக் கொடுத்தேன். தக்கையில் ஒட்டியிருந்த துகளை அவரே வெந்நீரில் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.