பெரியதிலிருந்து சின்னதுக்கு: நுண்ணங்கிகளை வீட்டிலேயே பார்த்து இனங்காண ஒரு செய்முறை

நுண்ணுயிரியல் படிக்கத் தொடங்கும் பலர் பற்றீரியா, பங்கசு, அல்கா, புரொட்டோசோவா, வைரசு என்று ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. புரொட்டோசோவாக்களில் ஒன்றான பரமேசியத்தின் நீளம் சுமார் 200 மைக்ரோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீற்றர்). டெங்கு வைரசின் விட்டம் சுமார் 0.05 மைக்ரோமீற்றர். நாலாயிரம் மடங்கு வித்தியாசம். இந்த அளவுகள் கண்ணுக்குப் பழகிவிட்டால் வகைகள் தாமாகவே பிரிந்து தெரியும்.

தேவையானவை: 4, 10, 40 மடங்குப் பொருள்வில்லைகள் உள்ள பாடசாலை நுணுக்குக்காட்டி, சிலைட், கவர்சிலிப், சொட்டுக்குழாய், மெதிலீன் நீலம் என்னும் சாயம். கடைசியாகச் சொன்னது அலங்கார மீன் கடைகளில் மீன்களின் பங்கசு நோய்க்கு மருந்தாகக் கிடைக்கும். 1 வீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டால் சில நாட்களுக்குப் போகாது, கையுறை போடுங்கள்.

படி 1: வட்டத்தின் அளவைக் கணக்கிடுங்கள்

பார்வைத்துண்டில் 18 என்று ஓர் எண் இருந்தால் அதைப் பொருள்வில்லையின் மடங்கால் வகுங்கள். 10 மடங்கில் நீங்கள் காணும் வட்டம் 1.8 மில்லிமீற்றர் அகலம். 40 மடங்கில் 0.45 மில்லிமீற்றர், அதாவது 450 மைக்ரோமீற்றர். வட்டத்தின் குறுக்கே ஓர் உயிர் எத்தனை தடவை அடங்கும் என்று கண்ணால் மதிப்பிட்டு வகுத்தால் அதன் அளவு கிடைத்துவிடும். இதைத் தாண்டிப் போக வேண்டாம். "பற்றீரியா பார்த்தேன்" என்று தொடக்கநிலையினர் சொல்வதில் பெரும்பகுதி காற்றுக்குமிழியும் தூசியும்தான். அளவு கணக்கிடுபவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார்.

படி 2: குளத்துத் தண்ணீர் (புரொட்டோசோவா, அல்கா)

500 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லையோ வைக்கோலையோ போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். நன்றாக ஆறிய பின் குளத்துத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து நிழலில் வையுங்கள். கொதிக்க வைக்காத குழாய்த்தண்ணீர் உதவாது, அதிலுள்ள குளோரீன் உயிர்களைக் கொன்றுவிடும். போத்தல் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். கொழும்பில் மூடாத தண்ணீர் ஒரு கிழமை நின்றால் நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் ஆய்வு என்று சொல்லித் தப்ப முடியாது.

நாலாம் நாளிலிருந்து மேற்பரப்பில் படலம் தெரியும். படலத்துக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு துளி எடுத்து, நாலைந்து பஞ்சு நூலிழைகளைச் சேர்த்து, கவர்சிலிப்பைச் சரிவாக இறக்கி மூடுங்கள். இழைகள் வேலிபோல் நின்று பரமேசியம் ஓடித்திரிவதைத் தடுக்கும். முதலில் 4 மடங்கில் தேடி, பிறகு 10க்கும் 40க்கும் மாற்றுங்கள். எதுவும் தெரியாவிட்டால் பெரும்பாலும் வெளிச்சம் அதிகம், சிலைட் மேடைக்குக் கீழே ஒளியைக் கட்டுப்படுத்தும் துளைத்தட்டைக் குறுக்குங்கள். பச்சையாக, நிலையான கலச்சுவருடன் இருப்பவை அல்காக்கள். மயிர்போன்ற பிசிரால் துழாவி நீந்துவது பரமேசியம்.

தண்ணீரை கொழும்பிலுள்ள பேரே வாவியிலிருந்து எடுப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. அங்கே பச்சைப் பெயின்ற் கரைத்ததுபோல் மிதப்பதில் முக்கிய பங்கு மைக்ரோசிஸ்டிசுக்கு. அது அல்கா அல்ல, ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா. நுணுக்குக்காட்டியில் கருவில்லாத சின்னஞ்சிறு உருண்டைகள் வழுவழுப்பான கூட்டமாகத் தெரியும். அது ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியது, கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. எலிச்சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும். கையில் காயம் இருந்தால் வாவிப் பக்கம் போகவே வேண்டாம், வீட்டுத் தாமரைத் தொட்டித் தண்ணீர் போதும்.

படி 3: அப்பத்துக்குப் போடும் ஈஸ்ட் (பங்கசு)

100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி ஈஸ்ட். அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் 40 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. 60 பாகையில் ஈஸ்ட் செத்துவிடும். ஒரு துளியை இன்னும் ஒன்பது துளி தண்ணீருடன் கலந்து பாருங்கள். கலக்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து எதுவும் பிரிந்து தெரியாது. 40 மடங்கில் 5 முதல் 10 மைக்ரோமீற்றர் அளவான முட்டைவடிவக் கலங்களும், சிலவற்றின் பக்கத்தில் அரும்பும் குட்டிக் கலங்களும் தெரியும். கவர்சிலிப் ஓரத்தில் ஒரு துளி மெதிலீன் நீலம் விட்டால் செத்தவை நீலமாகும், உயிருள்ளவை நிறமில்லாமலே நிற்கும்.

தோசைமா பொங்குவதும் ஈஸ்ட்டால்தான் என்று நினைக்கிறோம். அங்கே பெரும்பங்கு லூக்கோனொஸ்டொக் என்னும் பற்றீரியாவின் வேலை.

பாண் பூஞ்சணமும் பங்கசுதான். நனைத்த பாண்துண்டைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்து, பையைத் திறக்காமல் கைவில்லையால் பாருங்கள். வித்திகள் மூச்சில் போகக் கூடாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முக்கியமாக.

படி 4: யோகட் (பற்றீரியா)

பொறுமை வேண்டிய படி இது. யோகட்டின் மேலே தேங்கும் தெளிந்த நீரில் குண்டூசித் தலையளவு எடுத்து, ஒரு துளி தண்ணீருடன் சிலைட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். கெட்டிப் பகுதியை எடுத்தால் பாற்புரதமும் கொழுப்பும் சாயத்தை உறிஞ்சி நீலச் சேறாகிவிடும். தானாகக் காய விடுங்கள். பிறகு சுவாலைக்கு மேலாக மூன்று முறை வேகமாகக் கொண்டு போங்கள். புறங்கையில் வைத்தால் பொறுக்கும் சூடே போதும், மிஞ்சினால் கலங்கள் சுருங்கி உருமாறிவிடும். மெதிலீன் நீலத்தை ஒரு நிமிடம் விட்டு, மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒற்றியெடுங்கள்.

40 மடங்கில் நீலக் கோல்களும் மணிமாலைகளும் தெரியும். கோல்கள் லக்டோபசிலசு, மாலைகள் ஸ்ட்ரெப்டோகொக்கசு தேர்மோபிலசு. உருண்டை ஒன்று ஒரு மைக்ரோமீற்றர் அளவுதான். 100 மடங்கு எண்ணெய் வில்லை இருந்தால் இன்னும் தெளிவு. சதுப்புச் சேற்றில் மீதேன் குமிழி விடும் ஆர்க்கியாக்களும் பார்வைக்கு இப்படியே இருக்கும். அவை தனிக்குலம் என்பதை 1977இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வூஸ் காட்டியது தோற்றத்தை வைத்து அல்ல, ஆர்என்ஏயை வைத்து.

வைரசு

இதை மட்டும் தேட வேண்டாம். ஒளி நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.2 மைக்ரோமீற்றர். டெங்கு வைரசு அதில் கால்வாசி. அதற்குக் கலமும் இல்லை, சொந்தமாகப் பெருகும் திறனும் இல்லை, அதனால்தான் பற்றீரியாவின் கலச்சுவரையும் புரதத் தொகுப்பையும் குறிவைக்கும் அன்ரிபயோட்டிக் டெங்குவுக்கு வேலை செய்யாது.

துப்புரவும் ஒரு தடையும்

பாவித்த சிலைட்டுகளை, ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பிளீச்சுடன் வேறு எந்தக் கழுவுதிரவமும் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும்.

ஏகர் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டு) தொண்டையிலோ கழிப்பறையிலோ எடுத்ததை வளர்த்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். வீட்டில் செய்யாதீர்கள். பிரித்தானியப் பாடசாலைகளில் தட்டுகளை 25 பாகைக்கு மேல் வைப்பதில்லை, மனித உடலின் சூட்டை விரும்பும் கிருமிகள் பெருகிவிடும் என்பதால். கொழும்பு வீடொன்றின் அறையோ பெரும்பாலான நாட்களில் அதைத் தாண்டிவிடும்.