சிறு படகுக்கு நங்கூரமும் கயிறும்: சென்னைக் கடலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்பது எப்படி

புதிதாகப் படகு வாங்கும் நண்பர்கள் நங்கூரத்தைப் பற்றிக் கேட்கும்போது, "எத்தனை கிலோவில் வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எவ்வளவு நீளக் கயிறு, எந்த வகைக் கயிறு, அது நங்கூரத்தை எந்தக் கோணத்தில் இழுக்கப்போகிறது? பொழுதுபோக்குக்காகவும் தூண்டில் மீன்பிடிப்புக்காகவும் 16 முதல் 22 அடி வரையுள்ள ஃபைபர் படகுகளைக் கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு பக்கங்களில் எடுத்துச் செல்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நங்கூரத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் கயிற்றுக்கும் சங்கிலிக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. கலப்பையின் கொழுவைப் போல மண்ணுக்குள் இறங்கி, அந்த மண்ணின் பிடிமானத்தால்தான் நிறுத்துகிறது. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவையை ஊற்றி, நடுவில் ஒரு கம்பியைச் செருகி நங்கூரமாகப் பயன்படுத்துபவர்களை இன்றும் பார்க்கிறேன். கான்கிரீட் தண்ணீருக்கு ஏறத்தாழ 2.4 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே கரையில் 20 கிலோ எடையுள்ள அந்தக் கட்டி, கடலுக்குள் இறங்கியதும் சுமார் பதினொன்றரை கிலோவாகிவிடும். மண்ணுக்குள் இறங்குவதற்கு அதில் கூரான பாகம் எதுவும் இல்லாததால், காற்று சற்று வலுத்தவுடன் அடிமணலில் உருண்டுகொண்டே படகின் பின்னால் வரும். சரியான வடிவமுள்ள 5 கிலோ நங்கூரம் இதைவிடப் பல மடங்கு இழுப்பைத் தாங்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இழுப்பு கடலடித் தரையை ஒட்டி, கிடைமட்டமாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் எந்த நங்கூரமும் பெயர்ந்துவிடும். நாம் நங்கூரத்தை மேலே எடுப்பதே அப்படித்தான்.

இழுப்பின் கோணத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு விட்டால், விறைப்பாக நிற்கும் கயிறு தரையோடு ஏறத்தாழ 20 பாகைக் கோணத்தில் நிற்கும். ஐந்து மடங்கு விட்டால் அது 11 அல்லது 12 பாகையாகவும், ஏழு மடங்கு விட்டால் 8 பாகையாகவும் குறையும். கயிறும் கொஞ்சம் சங்கிலியும் சேர்ந்த அமைப்புக்கு ஏழு மடங்கு என்பதே பொதுவான விதி. பகலில், அமைதியான நீரில், படகில் ஆள் இருக்கும்போது மட்டும் ஐந்துக்கு இறங்கலாம். சாப்பாட்டுக்காக அரை மணி நேரம் நிற்பதற்கு மூன்று போதும் என்பார்கள். நம் கடற்கரையின் அலையில் அதை நான் செய்யமாட்டேன்.

கணக்கிடும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ஆழம் என்பது கருவி காட்டும் நீராழம் மட்டும் அன்று. படகின் முன்முனையான அணியம் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும், ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், இன்னும் எவ்வளவு ஏறும் என்பதையும் அதனுடன் கூட்ட வேண்டும். 6 மீட்டர் ஆழத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அணியத்தின் உயரம் 1 மீட்டர், சென்னையில் ஓதத்தின் ஏற்றத்துக்கென ஒரு மீட்டர், ஆக மொத்தம் 8 மீட்டர். ஏழு மடங்குக்கு 56 மீட்டர் கயிறு வேண்டும். வெறும் 6 மீட்டருக்குக் கணக்கிட்டு 42 மீட்டர் விட்டவர், தாம் ஏழு மடங்கு விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது உண்மையில் ஐந்து மடங்குக்குச் சற்று மேல்தான் விட்டிருக்கிறார். கடலுக்குப் போகிற படகில் 60 மீட்டருக்குக் குறையாமல் கயிறு இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். முட்டுக்காடு போன்ற ஆழமற்ற உப்பங்கழியில் கணக்கு 15 மீட்டருக்குள் முடிந்துவிடும்.

இனிக் கயிற்றின் வகை. ஒரு சாதாரண ஹார்டுவேர் கடையில் "நைலான் கயிறு" என்று கேட்டால், நீலமோ பச்சையோ மஞ்சளோ நிறத்தில், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் ஒரு கயிற்றை எடுத்துத் தருவார்கள். நம் ஊர்ப் பேச்சில் பிளாஸ்டிக் கயிறு எல்லாமே நைலான் கயிறுதான். ஆனால் அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். துணி காயப்போடவும் பந்தல் கட்டவும் அது நல்ல கயிறு. நங்கூரத்துக்கு அது ஆகாது: தண்ணீரில் மிதக்கும், வெயிலில் விரைவில் நைந்துவிடும், அதே தடிமனுள்ள நைலானைவிட வலுவும் குறைவு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோவளத்துக்கு வெளியே ஒரு காலையில், காற்று ஓய்ந்திருந்தபோது, என் படகின் நீலக் கயிறு தொய்ந்து பாம்பு போல நீரின் மேல் நெளிந்து கிடந்தது. பக்கத்தில் வந்த நண்பரின் படகு அதன் மேல் ஏறி, இன்ஜினின் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டது. அவர் கத்தியோடு நீருக்குள் இறங்கி அதை அறுத்து எடுப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. எங்கள் இரண்டு படகுகளும் அந்த நேரமெல்லாம் கட்டுப்பாடின்றி மிதந்துகொண்டிருந்தன.

கடையிலேயே சோதிப்பதற்கு எளிய வழி உண்டு. ஒரு சாண் துண்டை வெட்டித் தரச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, கையால் அமுக்கிக் காற்றுக் குமிழிகளைப் பிழிந்துவிட்டுக் கையை எடுங்கள். மேலே எழும்பி வந்தால் அது நைலான் அன்று. அடியில் போய்ப் படுத்தால் நைலானாகவோ பாலியஸ்டராகவோ இருக்கும். அந்த இரண்டில் நமக்கு வேண்டியது நைலான். பாலியஸ்டர் வலுவானதுதான், ஆனால் அதிகம் நீளாது. நைலான், சுமை ஏறும்போது கணிசமாக நீண்டு, சுமை குறைந்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஓர் அலை படகைத் தூக்கி எறியும் அதிர்ச்சி நங்கூரத்துக்குப் போய்ச் சேராமல் கயிறே அதை வாங்கிக்கொள்வது இந்த நீட்சியால்தான். வங்கக் கடலின் திறந்த கரையில், அலைத்தடுப்பு ஏதுமின்றி நிற்கிற நமக்கு, இந்தக் குணத்தைவிட முக்கியமானது வேறில்லை. மூன்று புரியாக முறுக்கிய கயிறு, பின்னிய கயிற்றைவிட அதிகம் நீளும், விலையும் குறைவு.

தடிமனைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சில் வகுத்துள்ள அட்டவணை, 20 அடிப் படகு 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்றில் நங்கூரக் கயிற்றை ஏறத்தாழ 40 கிலோ விசையுடனும், 30 நாட் காற்றில் 160 கிலோ விசையுடனும் இழுப்பதாகக் கணக்கிடச் சொல்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். 10 மி.மீ. நல்ல நைலான் கயிறு அறுவதற்குச் சுமார் 2 டன் இழுப்பு வேண்டும். ஆக வலிமையைப் பொறுத்தவரை 10 மி.மீ. தாராளம். இருந்தும் நான் 12 மி.மீ. வாங்கச் சொல்கிறேன். ஈரக் கையால், ஆடும் படகில் நின்றுகொண்டு இழுக்கும்போது மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். பாறையிலோ படகின் விளிம்பிலோ உரசித் தேயும்போது தடித்த கயிற்றுக்குச் சற்று அதிக ஆயுள் கிடைக்கும். பல கடைகளில் கயிற்றை எடை போட்டுத்தான் விற்பார்கள் என்பதால் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: 12 மி.மீ. மூன்று புரி நைலான் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ. 60 மீட்டர் என்றால் ஐந்தரை கிலோவுக்குள் அடங்கும்.

கயிற்றை நேரடியாக நங்கூரத்தில் கட்டக் கூடாது. இடையில் சங்கிலி வேண்டும். கடலடியில் கிடக்கும் சிப்பியும் கல்லும் ஒரே நாளில் நைலான் புரியை அறுத்துவிடும். சங்கிலி அந்தத் தேய்மானத்தைத் தாங்கிக்கொள்வதோடு, தன் எடையால் இழுப்பின் கோணத்தைத் தரைக்கு அருகில் வைக்கிறது. படகின் நீளத்துக்குக் குறையாத சங்கிலி என்பது நல்ல அளவு. 20 அடிப் படகுக்கு, கால்வனைஸ் செய்த, குறுகிய கண்ணிகள் கொண்ட 6 மி.மீ. சங்கிலி 6 மீட்டர் போதும். மீட்டருக்கு 800 கிராம் வீதம் மொத்தம் 5 கிலோவுக்குள்தான் வரும். கயிற்றின் முனையில் உலோகத் திம்பிளை (கயிற்றின் வளைவுக்குள் பொருந்தித் தேய்மானத்தைத் தடுக்கும் வளையம்) வைத்து, புரிகளைப் பிரித்துத் திரும்பப் பின்னி ஸ்ப்ளைஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள். காசிமேட்டில் இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் கைகள் இருக்கின்றன. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ இழக்கும்; நல்ல ஸ்ப்ளைஸில் இழப்பு பத்தில் ஒரு பங்குதான். இணைக்கும் ஷேக்கிள் (திருகாணியால் மூடும் லாட வடிவ வளையம்), சங்கிலியைவிட ஒரு சுற்றுப் பெரியதாக இருக்கட்டும். அதன் திருகாணியை இறுக்கியபின், கம்பியால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். கட்டாத திருகாணி அலையின் ஆட்டத்தில் தானாகக் கழன்றுவிடும். அப்படி நங்கூரத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு மேலே வருவது வெறும் சங்கிலிதான்.

இப்போது நங்கூரத்தின் வடிவத்துக்கு வரலாம். சென்னைக் கரையோரக் கடலடி பெரும்பாலும் மணல். கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் சேறு. இந்த இரண்டுக்கும், இரண்டு அகன்ற தகடுகள் கீல் போல மடங்கும் டேன்ஃபோர்த் வகை மிகப் பொருத்தமானது. இரண்டாம் உலகப் போரில் கரையில் படைகளை இறக்கும் படகுகளுக்குப் பயன்பட்ட இந்த வடிவம், தன் எடைக்கு மிஞ்சிய பிடிமானம் தரும். மடக்கித் தட்டையாகப் பலகைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். 20 அடிப் படகுக்கு 4 முதல் 5 கிலோ போதும்.

அதில் ஒரு குறை உண்டு. அந்தக் குறை நம் ஊர்க் காற்றுக்கு நேராகப் பொருந்துவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோடைக் காலத்தில் காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பி, கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கரையை நோக்கி அடிக்கத் தொடங்கும். காலை ஆறு மணிக்கு நங்கூரமிட்டவரின் படகு, அணியம் கரையைப் பார்த்தபடி நிற்கும். பன்னிரண்டு மணிக்கு அதே படகு அரை வட்டம் சுற்றி, கடலைப் பார்த்து நிற்கும். நங்கூரமோ இப்போது எதிர்த்திசையில் இழுக்கப்படுகிறது. டேன்ஃபோர்த் இப்படித் திருப்பி இழுக்கப்படும்போது பெயர்ந்து, கயிறோ ஒரு கிளிஞ்சலோ தகட்டில் சிக்கிக்கொண்டால், மீண்டும் மண்ணுக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டே வரலாம். காலையில் நங்கூரம் வழுக்கினால் படகு திறந்த கடலுக்குப் போகும், இன்ஜினை முடுக்கித் திரும்பி வர நேரம் இருக்கும். பிற்பகலில் வழுக்கினால் படகு போய்ச் சேரும் இடம் கரையோரத்தில் அலை உடையும் பகுதி. அங்கே சிறு படகு கவிழ ஓர் அலை போதும். ஆகவே டேன்ஃபோர்த் வைத்திருப்பவர், கடற்காற்று எழுந்ததும் நங்கூரத்தை எடுத்துப் புதிதாகப் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்குக் கலப்பை வடிவ நங்கூரம் இருக்கிறது. இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1933இல் வடிவமைத்த சி.க்யூ.ஆர். இந்த வகையின் முன்னோடி. திசை மாறும்போது பெயராமல் மண்ணுக்குள்ளேயே திரும்பிக்கொள்வதை நோக்கமாகக் கொண்டது. அதன் பின் வந்த ரோக்னா போன்ற குழிந்த கரண்டி வடிவங்கள், பெயர்ந்தாலும் விரைவில் மீண்டும் இறங்கிப் பிடிக்கும். விலை அதிகம், மடிக்க முடியாது, எடையும் 6 கிலோவை நெருங்கும். நாள் முழுதும் கடலில் நிற்பவருக்கு என் பரிந்துரை இதுவே. குடை போல விரியும் நான்கு கொக்கி நங்கூரம் மணலில் கீறிக்கொண்டு வருமே தவிர நிற்காது. மீனவர்கள் பார் என்று சொல்லும் பாறைத் தரையில் மட்டும் அது பயன்படும். அங்கேயும் கொக்கி இடுக்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால், நங்கூரத்தின் தலைப்பக்கத்தில் தனியாக ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஒரு மிதவையை விட வேண்டும்; சிக்கினால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சென்னைக் கரையில் கடலடித் தொலைத்தொடர்புக் கேபிள்கள் பல வந்து சேர்கின்றன. 2020இல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள் அவற்றுள் ஒன்று. நெம்மேலியிலும் காட்டுப்பள்ளியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் குழாய்கள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. கடல் வரைபடத்தில் இவை குறிக்கப்பட்ட இடங்களிலும் துறைமுக வழித்தடங்களிலும் நங்கூரம் போடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எவ்வளவு நல்ல நங்கூரமும் திறந்த கடலில் தங்குவதற்குத் துணையாகாது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் மெட்ராஸுக்கு எதிரே கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. 1746 அக்டோபரில் ஊரைப் பிடித்திருந்த பிரெஞ்சுக் கப்பற்படையை ஒரே புயல் சிதறடித்தது. நம்முடைய 12 மி.மீ. கயிறு எம்மாத்திரம்?

வாங்கி வந்தபின், கயிற்றில் ஐந்து மீட்டருக்கு ஒரு முறை நிற நூலால் அடையாளம் கட்டுங்கள். மீனவர்கள் இரு கைகளையும் விரித்து பாகக் கணக்கில் அளப்பார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி. கயிற்றின் கடைசி முனையை, நங்கூரம் போடும் அன்று அல்ல, வாங்கிய அன்றே படகின் உறுதியான வளையத்தில் கட்டிவிட வேண்டும். நங்கூரம் போடும்போது அணியத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி, படகு நின்றபின் நங்கூரத்தை வீசாமல் இறக்கி, பின்னோக்கி நகர்ந்தபடியே கயிற்றை விடுங்கள். பின்பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். இன்ஜினின் எடையால் தாழ்ந்திருக்கும் அந்தப் பக்கம் அலையை எதிர்கொண்டால் படகுக்குள் தண்ணீர் ஏறிவிடும். முழு நீளமும் விட்டுக் கட்டியபின், இன்ஜினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி, விறைத்த கயிற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நங்கூரம் பிடித்திருந்தால் கயிறு இறுகி அசையாமல் இருக்கும். வழுக்கிக்கொண்டிருந்தால், தார் போடாத சாலையில் சைக்கிள் ஓட்டும்போது கைப்பிடி அதிர்வதைப் போன்ற ஒரு நடுக்கம் கையில் தெரியும். பிறகு கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: மெரினாவுக்கு எதிரே என்றால் கலங்கரை விளக்கமும் அதன் பின்னால் தெரியும் ஏதாவது ஓர் உயர்ந்த கட்டடமும். படகு ஊசலாடும்போது கோடு சற்று விலகித் திரும்பி வரும். ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால் நங்கூரம் நகர்கிறது என்று பொருள்.

வீடு திரும்பியதும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கயிற்றின் முனைகளை மாற்றிப் பொருத்தினால் தேய்மானம் பரவலாகும். அதற்கேற்ப மறுமுனையிலும் ஒரு ஸ்ப்ளைஸ் முதலிலேயே போட்டு வைத்திருக்க வேண்டும். ஷேக்கிளின் திருகாணியைச் சுற்றிய கம்பியைப் பருவத்துக்கு ஒரு முறை அவிழ்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்டுங்கள். கயிறு கட்டிய வளையத்துக்கு எட்டும் தூரத்தில், உறையோடு ஒரு கூரான கத்தி எப்போதும் தொங்கட்டும்.