ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து பாதியில் நிற்கிறீர்களா? தடைகளைத் தாண்டும் வழி

"எனக்கு மொழியெல்லாம் வராது" என்று தமிழ் தெரிந்தவர் சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் சிக்கல், ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதுதான்.

படி 1: தமிழிலேயே யோசியுங்கள்
'மே குஸ்தா எல் கஃபே': எனக்குக் காபி பிடிக்கும். 'மே' என்றால் 'எனக்கு', அவ்வளவுதான். 'மே துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. வினைச்சொல்லும் நம் வழிதான். 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம். விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'யோ' (நான்) பெரும்பாலும் தேவைப்படாது.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புத்தகம் பிடிக்கும், புத்தகங்கள் பிடிக்கும்; தமிழில் வினை மாறாது. அங்கே மாறும்: 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்'. பிடித்த பொருள்கள் ஐந்தை ஒருமையிலும் பன்மையிலும் எழுதிப் பழகுங்கள்.

படி 2: நோட்டில் ரோமன் எழுத்து
ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். எடைக்கும் முத்தத்துக்கும் உள்ள சொற்கள் இரண்டுமே 'பேசோ' என்றாகிவிடும்! எடைக்கு 'பல்' என்பதன் ப, முத்தத்துக்கு 'பஸ்' என்பதன் ப.

படி 3: ஆண்பால், பெண்பாலோடு சேர்த்துப் படியுங்கள்
'மேசா' என்று மட்டும் படிக்காமல் 'லா மேசா' என்று படியுங்கள். பெண்பால் சொல்லுக்கு முன் 'லா', ஆண்பால் சொல்லுக்கு முன் 'எல்'. (நம் 'மேசை' போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது, இந்தச் சொல் இலவசம்.) ஓகாரத்தில் முடிந்தால் ஆண்பால், ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் கை 'லா மானோ', பிரச்சினை 'எல் ப்ரோப்ளேமா'.

படி 4: கூச்சம்
தினமும் மூன்று வாக்கியம் பேசி போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்டு, ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தப் போனால் வாயே திறக்காது. 'பெரோ' (ஆனால்) நம் 'ர' ஒலியிலேயே வந்துவிடும். 'பெர்ரோ'வில் (நாய்) நாக்கு நுனி பலமுறை அதிர வேண்டும். அது படிய நாளாகும், அதற்காகப் பேச்சை நிறுத்த வேண்டாம்.

படி 5: நேரம்
தினம் 15 நிமிடம், 5 புதுச் சொற்கள். கற்ற சொற்களை 1, 3, 7, 14ஆம் நாளில் திரும்பப் பாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் பத்தாக்காதீர்கள். புதுச் சொல்லே வேண்டாம், பழையதை மட்டும் புரட்டுங்கள்.

நேரில் பேசும்போது திணறினால் 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' என்று கேளுங்கள். "இன்னும் மெதுவாகப் பேசுங்கள்" என்று பொருள்.