கம்பெனிக்குள் பயன்படும் கேட்டலாக்: முந்திரி ஆலைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்துகிறவர்கள் சொந்த ஆட்களுக்காக டிஜிட்டல் கேட்டலாக் (பொருள் பட்டியல்) செய்யும்போது, வாடிக்கையாளருக்கு அச்சடித்த வண்ணப் புத்தகத்தையே எடுத்து ஏற்றிவிடுவதுண்டு. முதல் தவறு அதுதான். ‘சுவையான, தரமான பருப்பு’ என்ற வரியால் குடோனில் நிற்பவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்த கிரேடு, எந்த டின், பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதுதான் அவருக்கு வேண்டும். கணக்குப் பிரிவுக்கு ஹெச்எஸ்என் எண், அதாவது வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண், வேண்டும். விற்பனைப் பிரிவுக்கு, வாங்குபவர் போனில் காத்திருக்கும்போதே பதில் வேண்டும். ஆகவே ஒரு வாரம் ஒவ்வொரு பிரிவிலும் எழும் கேள்விகளைக் குறித்துவையுங்கள். கேட்டலாக்கில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 வரை முழுப்பருப்பு. இதையே ஒருவர் ‘320 முழுசு’ என்றும் இன்னொருவர் ‘வெள்ளை 320’ என்றும் பதிந்தால், ஒரே சரக்கின் இருப்பு மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு குறியீடு போதும். அண்டிப்பருப்பு, கசுவண்டி, முந்திரி என்று யார் எப்படித் தேடினாலும் அகப்படும்படி மற்றப் பெயர்களைத் தேடல் சொற்களாகச் சேர்த்துவிடலாம். குறியீட்டுக்குள் ரேக் எண்ணையோ விலையையோ நுழைக்காதீர்கள், ரேக் மாறிய அன்றே குறியீடு பொய்யாகிவிடும். நிறுத்திய பொருளின் குறியீட்டைப் புதிய பொருளுக்குக் கொடுக்கவும் கூடாது. பழைய பில்கள் அந்தக் குறியீட்டில்தான் இருக்கின்றன. ‘நிறுத்தப்பட்டது’ என்று குறித்து அப்படியே வையுங்கள்.

பணம் அதிகம் கரைவது அளவில்தான். ‘பெட்டி’ என்று மட்டும் எழுதினால் என்ன அர்த்தம்? 25 பவுண்டு டின் இரண்டு வைத்த பெட்டி 22.68 கிலோ. 10 கிலோ டின் இரண்டு வைத்தால் 20 கிலோ. 50 பெட்டி ஆர்டரில் இந்த ஒரு சொல் 134 கிலோ வித்தியாசம் காட்டும். டின்னின் நிகர எடை, பெட்டிக்கு எத்தனை டின், பெட்டியின் மொத்த எடை ஆகிய மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். விலையைக் கணினி கிலோவுக்கே கணக்கிடட்டும்.

எக்செல்லில் தட்டிப் பிறகு ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுப்பருப்பின் ஹெச்எஸ்என் எண் 08013220. அதை அப்படியே தட்டினால் முன்னால் உள்ள சுழியத்தை எக்செல் விழுங்கிவிடும், மிஞ்சுவது 8013220. 13 இலக்க பார்கோடும் சுருங்கிய வடிவில்தான் தெரியும். எண்ணை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். உள்ளிட்ட பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பி வராது.

படத்துக்கு வருவோம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் வெள்ளைப் பருப்பும் லேசாகக் கருகிய எஸ்டபிள்யூ கிரேடு போலத் தெரியும். காலை நேரத்தில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் வெள்ளைத் தாள் விரித்து எடுங்கள். டபிள்யூ 240-க்கும் டபிள்யூ 320-க்கும் வித்தியாசம் அளவில் மட்டும் என்பதால், பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் ஸ்கேல் இல்லாத படத்தால் பயனில்லை. படத்தின் ஃபைல் அளவு 200 கேபிக்குள் இருந்தால் சிக்னல் குறைந்த குடோனிலும் சீக்கிரம் திறக்கும்.

பொருளின் தகவலையும் லாட்டின் (ஒரே தடவையில் தயாரான சரக்கின்) தகவலையும் ஒரே இடத்தில் கலக்க வேண்டாம். ஈரப்பதம் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொருளின் தகவல். இன்றைய லாட்டில் எவ்வளவு வந்தது என்பது தரப் பதிவேட்டுக்கு உரியது. இரண்டு மழைக்காலமும் பெய்யும் நம் மாவட்டத்தில் அந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும். விலையும் அப்படித்தான். எந்தத் தேதி முதல் என்ற குறிப்போடு தனிப் பட்டியலில் வைத்து, கொள்முதல் விலையைப் பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பழைய பதிப்பு யாராவது ஒருவர் போனில் கட்டாயம் தங்கிவிடும். லிங்க் மட்டும் அனுப்புங்கள். திருத்தும் உரிமை பெயர் குறிப்பிட்ட ஒருவரிடமும், அவர் லீவில் போனால் இன்னொருவரிடமும் இருக்கட்டும்.

எல்லோருக்கும் திறக்கும் முன், பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ஐந்து பழைய ஆர்டர்களைக் கொடுத்து, யாரிடமும் கேட்காமல் கேட்டலாக்கைப் பார்த்தே சரக்கை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் திகைத்து நிற்கிறாரோ, அந்தக் கட்டத்தை முதலில் திருத்துங்கள்.