மலை முகட்டில் காற்றாலை வரப்போகிறதா? முதலில் சர்வே நம்பரைத் தேடுங்கள்

ஆனி, ஆடியில் மேக்காத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கினால் பணகுடியிலிருந்து ராதாபுரம் வரைக்கும் காத்தாடி, அதாவது காற்றாலை, சுற்றுகிற சத்தம்தான். சமவெளியில் அவை நிற்பதில் எனக்கு வருத்தம் இல்லை, மலை முகட்டுக்கு ஏற்றப் பார்த்தால்தான் எதிர்க்க வேண்டும் என்கிறேன்.

போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் சர்வே நம்பர். "அது நம்ம மலை" என்று ஊரே சொல்லும், ஆனால் எந்த நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று சொல்கிற அ-பதிவேட்டில் அது என்னவாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதே முடிவாகும். காப்புக்காடு என்றால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு ஒப்புதல் வேண்டும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் என்றால் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டும், லேசில் நடக்காது. காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே தள்ளி நிற்கிற பொத்தைகள் என்கிற சின்னக் குன்றுகளும், எப்போதோ பட்டாவாகிப்போன சரிவுகளும்தான் எனக்குப் பயம். அ-பதிவேட்டை ஆன்லைனிலேயே பார்க்கலாம். அப்புறம் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அடுத்தடுத்த சர்வே நம்பர்கள் ஒரே பெயருக்குக் கைமாறியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். உங்கள் கிராமம் ஹாக்கா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

நிலத்தை விற்றவர் பெரும்பாலும் நம்ம சொக்காரராக, சொந்தக்காரராகத்தான் இருப்பார். அவரை ஏசாதீர்கள், நாளைக்கு அவர் கையில் இருக்கிற பத்திர நகல் நமக்கு வேண்டும்.

நிறையப் பேர் கருத்துக்கேட்புக் கூட்டம் வரும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். வராது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் முன் அனுமதி வேண்டிய திட்டங்களின் பட்டியலில் காற்றாலையே இல்லை. அதனால் கிராம சபையை விடாதீர்கள், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அதோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. தீர்மானத்தில் சர்வே நம்பர் இருக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை கைதட்டிவிட்டுக் கலைந்துபோனோம், பிறகு பார்த்தால் நோட்டில் "விவாதிக்கப்பட்டது" என்ற ஒரு வார்த்தைதான். எழுதி, வாசித்து, கையெழுத்தாகி, போனில் படம் எடுத்த பிறகு எழுந்திருங்கள்.

எதிர்ப்பு மனுவில் காத்தாடியைவிடப் பாதையைப் பற்றி அதிகம் எழுதுங்கள். இன்றைக்கு வருகிற இறக்கை ஒன்றே 60, 70 மீட்டர் நீளம், அதை ஏற்றிக்கொண்டு லாரி திரும்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு வளைவிலும் மலையை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆடு மேய்க்கிற அண்ணாச்சி ஒருவரோடு நான் மேலே ஏறினேன், போதைப்புல் என்கிற மலைப்புல்லின் தூருக்கு அடியில் இரண்டு கை அகலத்தில் ஒரு சுனையைக் காட்டினார், நடுச் சித்திரையிலும் விரல் நனைந்தது, அதிலிருந்து நாலு எட்டில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கட்டை நட்டிருந்தது. இந்த மாதிரி இடங்களை நடந்தே போய், இருப்பிடக் குறிப்போடு படம் எடுத்து மனுவோடு சேருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும்போது அந்த அண்ணாச்சியையும் கூட்டிப்போங்கள், மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பருந்து, கழுகுகளை இப்போதே எண்ணத் தொடங்குங்கள். மகாராஷ்டிரத்தில் சால்கேவாடி மேட்டில் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள், காற்றாலை இருக்கிற இடத்தில் இல்லாத இடத்தைவிட வேட்டைப் பறவைகள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான், அவை குறைந்ததால் ஓணான் பெருகிவிட்டது.

"அப்போ கரண்ட் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் 1980களிலிருந்தே காத்தாடி நிற்கிறது, பழைய சின்ன எந்திரங்களைக் கழற்றிவிட்டு அங்கேயே பெரியது வைக்கத் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பாதை வெட்ட யார் அனுமதி கொடுத்தார்கள், எந்தத் தேதியில் என்று கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்காகக் காத்திருந்து காலத்தை விட்டுவிடாதீர்கள். சென்னையில் இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கணக்கு, தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஆகவே முதல் ஜேசிபி மலையடியில் வந்து நிற்கிற அன்றே, தேதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.