பேஸ்மெண்ட் நிரப்ப எத்தனை யூனிட் மண்? கணக்கில் வரும் தவறுகள்

கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் சித்தி வீடு கட்டியபோது, நடு அறையின் பேஸ்மெண்ட்டை, அதாவது அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே தளத்துக்கு அடியில் வரும் பள்ளத்தை, நிரப்ப மூன்றரை யூனிட் சரள் மண் போதும் என்று கணக்குப் போட்டோம். நீளம் 12 அடி, அகலம் 10, ஆழம் 2 அடி 10 அங்குலம். பெருக்கினால் 340 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட். கணக்கு சரிதான். ஆனால் தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து முடித்தபோது அரை அடி பள்ளம் மிச்சம் நின்றது.

லாரியில் வருவது உதிரி மண். அதன் இடையிலிருக்கும் காற்று வெளியேறினால் அளவு இறங்கிவிடும். சரளுக்குக் கால் பங்கு கூட்டிச் சொல்லுங்கள். 340 என்றால் 425. மண் பற்றாமல் போகுமே என்று பயந்து இடிக்காமல் விடாதீர்கள். அந்த இறக்கம் பிறகு டைல்ஸுக்கு அடியில் நடக்கும். அரை அடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி இடிப்பதே நல்லது.

அங்குலத்தைப் புள்ளி வைத்து எழுதுவது இன்னொரு தவறு. 2 அடி 10 அங்குலம் என்பது 2.10 அல்ல, 2.83. மாற்றிப் போட்டால் இந்த ஒரு அறையிலேயே 88 கன அடி குறையும். அங்குலத்தை 12ஆல் வகுத்துவிட்டுப் பெருக்குங்கள்.

வெளி அளவை எடுத்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும். ஒன்றரை அடி கருங்கல் சுவர் சுற்றியிருந்தால் அதே அறை வெளியே 15க்கு 13. அதாவது 120 சதுர அடிக்குப் பதில் 195! அறை அறையாக உள்ளளவுதான் எடுக்க வேண்டும். மலையடிவார மனை சரிவாகவே இருக்கும் என்பதால், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து நாலு மூலையிலும் நடுவிலும் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள்.

அப்புறம் லாரி. ஒருவர் யூனிட் என்பார், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அடி என்பார்கள். அந்த அடி கன அடிதான். எதுவானாலும் டிப்பர் தொட்டியை டேப் வைத்து அளந்துவிடுங்கள். உள்ளே 10 அடி நீளம், 7 அடி அகலம், மண் மட்டம் மூன்றரை அடி என்றால் 245 கன அடி.

சாரல் மாதங்களில் எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லேசான ஈரத்தில் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் ஒட்டி, மணல் உப்பிக் காட்டும். கண்ணாடி ஜாடியில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் போட்டு, மூழ்கும்வரை நீர் ஊற்றிக் கலக்கி, படியவிட்டுப் பாருங்கள். 16க்கு இறங்கினால், காசு கொடுத்த 5 யூனிட்டில் 4 யூனிட்தான் மணல்.