ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க முடியவில்லையா? மாற்று வழி தேடுவது எப்படி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு முதல் வருடத்திலேயே வந்துவிடுகிறது. அப்புறம் பணம், வீட்டுச் சூழல், தள்ளிப்போட முடியாத லேப் வகுப்புகள் என்று ஏதாவது குறுக்கே வருகிறது. ஆசையும் கிடப்பில் போய்விடுகிறது. அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று மாத ஆராய்ச்சி, ஒரு வாரப் பயணம், வீட்டிலிருந்தபடியே வேறு நாட்டுக் குழுவோடு வேலை என்று வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. எந்த வரிசையில் தேடலாம் என்று பார்ப்போம்.

படி 1: எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள்

"வெளிநாட்டு அனுபவம் வேண்டும்" என்று எழுதினால் போதாது. "ஜெர்மன் மொழியில் தயங்காமல் பேச வேண்டும்" என்று எழுதுங்கள். அல்லது "ஆய்வக வேலை எனக்கு ஒத்துவருமா என்று தெரிய வேண்டும்", "பல நாட்டு ஆட்கள் உள்ள குழுவில் வேலை பழக வேண்டும்". மொழிதான் குறி என்றால் அந்த மொழி பேசும் ஊரில் சில வாரங்கள் தங்குவது உதவும். ஆய்வகம் என்றால் கோடை ஆராய்ச்சித் திட்டம். குழு வேலை என்றால் பாஸ்போர்ட்கூட வேண்டாம், இந்த மாதமே தொடங்கலாம். இந்த ஒரு வரி இல்லாமல் தேட ஆரம்பித்தால், கண்ணில் படும் எல்லாத் திட்டமும் நல்லதாகவே தெரியும்.

படி 2: முதலில் உங்கள் கல்லூரியில் கேளுங்கள்

இரண்டு நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் இணைய வகுப்புகள் உண்டு. கொலாபரேட்டிவ் ஆன்லைன் இன்டர்நேஷனல் லேர்னிங் என்று பெயர். உங்கள் வகுப்பும் வேறு நாட்டில் உள்ள ஒரு வகுப்பும் கலந்து சிறு குழுக்களாகப் பிரிந்து, சில வாரங்கள் ஒரே புராஜெக்ட்டைச் செய்யும். வழக்கமான பாடத்துக்குள்ளேயே நடப்பதால் தனிப் பயணமும் இல்லை, வருடமும் வீணாகாது.

ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் பிளெண்டட் இன்டென்சிவ் புரோகிராம் என்று ஒன்று இருக்கிறது. 5 முதல் 30 நாட்கள் வரை நேரில் போய்ப் படிப்பு, மீதி இணையத்தில். குறைந்தது 3 இசிடிஎஸ் (ஐரோப்பியக் கல்லூரிகளின் பொதுவான அளவு) கிரெடிட் கிடைக்கும். இதில் கல்லூரி வழியாகத்தான் சேர முடியும் என்பதால், உங்கள் கல்லூரி இதில் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

துறைக்கு அனுப்பும் மெயில் சுருக்கமாக இருக்கட்டும்:

"வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு உயிரியல் மாணவி. ஒரு முழு செமஸ்டர் வெளியே போக முடியாத நிலை. நம் துறையில் வெளிநாட்டு வகுப்போடு சேர்ந்து நடக்கும் இணையப் பாடமோ, ஒரு மாதத்துக்குள் முடியும் பயணத் திட்டமோ உண்டா? கிரெடிட் பற்றி யாரிடம் பேச வேண்டும்?"

"என்ன வாய்ப்புகள் உள்ளன?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

படி 3: கோடை ஆராய்ச்சித் திட்டங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் கோடை மாணவர் திட்டம் இயற்பியல், கணினி, பொறியியல் மாணவர்களுக்கானது. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் 12 வார ஆராய்ச்சிப் பயிற்சி. குறிப்பிட்ட சில நாட்டு மாணவர்கள்தான் விண்ணப்பிக்கலாம், எனவே பட்டியலை முதலில் பாருங்கள். ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எந்த நாட்டவரையும் பயிற்சிக்கு எடுக்கிறது. இவற்றில் தேர்வானவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கும் என்பது பெரிய ஆறுதல். சம்பளத்தோடு தொழில்நுட்பப் பயிற்சி வேண்டுமென்றால், மாணவர்களை வேறு நாடுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பும், 1948இல் தொடங்கிய ஐயஸ்டே அமைப்பின் கிளை உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது தேதியில். கோடைக்கான விண்ணப்பம் பல மாதங்களுக்கு முன்பே மூடிவிடும். பரிந்துரைக் கடிதம் கேட்டால் ஆசிரியருக்கு மூன்று வாரமாவது கொடுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடமே கேளுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் என்பதற்காக, பெயர்கூட நினைவில் இல்லாதவரிடம் போக வேண்டாம்.

படி 4: வீட்டிலிருந்தபடியே

ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களுக்கு நிரல் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2022 முதல் ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்களுக்கும் திறந்திருக்கிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் அவுட்ரீச்சி என்ற இணையவழிப் பயிற்சித் திட்டத்தில் நிரல் தவிர வடிவமைப்பு, ஆவணம் எழுதுதல் போன்ற வேலைகளும் உண்டு. இரண்டிலும் பணம் தருகிறார்கள். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணிகளில் பணம் கிடைக்காது, ஆனால் மொழிபெயர்ப்பு, எழுத்து, ஆய்வு என்று எந்தத் துறை மாணவருக்கும் இடம் இருக்கிறது.

முதல் அடி எப்படி இருக்கும்? ஒரு மென்பொருளை நிறுவிப் பார்க்கிறீர்கள். குறிப்பில் உள்ள நான்காவது கட்டளை பிழை காட்டுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்து, அந்த ஒரு வரியைத் திருத்தி, மென்பொருள் நிரல்களைச் சேர்ந்து எழுதும் தளமான கிட்ஹபில் அனுப்புகிறீர்கள். இரண்டு நாள் கழித்து, முகம் தெரியாத ஒருவர், "விண்டோஸிலும் சோதித்தீர்களா? திருத்தத்துக்கான விளக்கத்தை முழு வாக்கியமாக எழுதுங்கள்" என்கிறார். மனம் சுருங்கும். சோதித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். வேறு நாட்டு ஆட்களோடு வேலை பழகுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

குழுக் கூட்ட நேரத்தை எப்போதும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நடுவில் வரும் இரண்டு மூன்று வாரங்கள் எல்லோருடைய கணக்கும் குழம்பும்.

படி 5: தங்கி வேலை செய்யும் திட்டங்கள்

1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் போன்றவற்றில் பண்ணையில் உதவினால் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும். மொழி பழக நல்ல வழி. ஆனால் சம்பளம் இல்லாவிட்டாலும் அதை வேலை என்றே கருதும் நாடுகள் உண்டு. சுற்றுலா விசாவில் போய் எல்லையிலேயே திரும்ப நேரலாம். கிளம்பும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் விசா விதியைப் படியுங்கள்.

படி 6: கிரெடிட்டை எழுத்தில் வாங்குங்கள்

"போய்ட்டு வா, பார்த்துக்கலாம்" என்ற வாய்மொழியை நம்பிப் போகாதீர்கள். திரும்பி வரும்போது அந்தப் பொறுப்பில் வேறு ஒருவர் இருக்கலாம். என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை மணி நேரம், எந்தப் பாடத்துக்கு ஈடாக எத்தனை கிரெடிட் என்று ஒரு பக்கத்தில் எழுதி, தொடங்கும் முன்பே துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எராஸ்மஸில் இதற்கென்றே லேர்னிங் அக்ரிமென்ட் என்ற படிவம் இருக்கிறது. மற்றத் திட்டங்களுக்கு நீங்களே அப்படி ஒன்று தயாரிக்கலாம். வேலை நடக்கும்போது வாரம் ஒரு முறை, செய்ததைத் தேதியோடு நாலு வரி குறித்து வையுங்கள். கடைசியில் துறை கேட்கும் அறிக்கையை அதிலிருந்தே எழுதிவிடலாம்.